கழுகுங்க

“பறவையா, வேலையா? அத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

“நான் வண்டியப் பாத்துத்தாங்க சொன்னேன்.”

“எதப் பாத்துச் சொன்னீங்கன்னு கேக்கல. சொன்னது பறவையா, வேலையா?”

நல்லையா யோசித்துப் பார்த்தார். கேள்வி புரிந்தது. அதை ஏன் கேட்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

“வேலதாங்க.”

“இவ்வளவு நேரம் யோசிச்சா அது பறவைதான்,” என்றார் மேசைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர்.

அப்படிச் சொன்னவர் ராஜரத்தினம், மலாக்கா, காஜா பெராங் ஆன்ம சாந்தி மரண சகாய சங்கத்தின் தலைவர். ஒரு ரப்பர் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே கறுப்புக் கோட்டைத்தான் போடுவார். கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர் செயலாளர் நடராஜன். அவர்களுக்கு எதிரே, உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டிருந்த நல்லையா, புக்கிட் காதில் ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். அன்று விடிந்ததும் அவருடைய மனைவி ருக்மணி காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். சவ வண்டி கேட்டு வந்த மனிதர், இப்போது ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல நிற்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். சங்கக் கட்டடத்தின் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் வண்டி நிற்கும். ரப்பர் சக்கரங்கள், கடைந்த தூண்கள், மேலே கோபுரம் மாதிரி ஒரு கூரை. போன சாவுக்குப் பிறகு யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. பழைய மாலைகள் கறுத்துத் தொங்கின. பக்கத்து வீட்டுக் கோழிகள் இரவில் அதில்தான் அடைந்தன. உடலைக் கிடத்தும் பலகை முழுக்க வெள்ளை எச்சம். ருக்மணி பஸ் சீட்டில்கூடக் கைக்குட்டை விரித்துத்தான் உட்காருவாள். கணவன் கண்டக்டராக நிற்கும் பஸ்ஸிலும் அப்படித்தான். நல்லையா பலகையைப் பார்த்தார். கொட்டகை வாசலில் நின்ற நிர்வாகிகள் பக்கம் கையை நீட்டி, “மொதல்ல கழுகுங்க,” என்றார்.

நல்லையா பிறந்து வளர்ந்த தோட்டத்தில் யாரும் தட்டைக் கழுவுவதில்லை, கழுகுவார்கள். காஜா பெராங்கிலும் பாதிப் பேர் அப்படித்தான். செயலாளர் நடராஜன் வீடு திரும்பும்போது, “காலக் கழுகிட்டு உள்ள வாங்க” என்று அவருடைய மனைவி சொல்வது தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனால் நாய்கள் பேச்சில் நாய்ங்க ஆவதுபோல, பூனைகள் பூனைங்க ஆவதுபோல, கழுகுகளும் கழுகுங்க ஆகும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஊரில் சிலர் முதுகுக்குப் பின்னால் சங்கத்தாரை அப்படித்தான் சொன்னார்கள். ஆகவே நிர்வாகிகளின் காது அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. ‘மொதல்ல’ என்பது அவர்கள் யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த சொல் எல்லோருக்கும் கேட்டது.

“மிஸ்டர் நல்லையா,” என்றார் ராஜரத்தினம். “ஒங்க சம்சாரம் தவறிட்டாங்க. சங்கம் வருத்தப்படுது. ஆனா அவங்க இன்னிக்குக் காலையிலதான் தவறினாங்க. சங்கத்தோட கௌரவம் ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தியிலேருந்தே இருக்கு. எது மூத்ததோ அதத்தான் மொதல்ல பாக்கணும்.”

“வெயில் ஏறுதுங்க.”

“வெயில் எல்லாருக்கும்தான் ஏறுது. நான் கோட்டு போட்டிருக்கேன்.”

“ஒரு வாளித் தண்ணி ஊத்தினா போதுங்க. நானே…”

“எழுதிக்குங்க நடராஜன். இப்ப வேலைன்னு மாத்திப் பேசுறாரு.”

நடராஜன் எழுதிக்கொண்டார். மாலையில் முறையான விசாரணை நடக்கும் என்றும், அது முடியும்வரை வண்டி கொட்டகையை விட்டு அசையாது என்றும் முடிவாயிற்று. சங்கத்துக்குச் சொந்தமான மயானத்தின் கதவுச் சாவி தலைவரின் கோட்டுப் பையில் இருந்தது. அவர் நடந்தால் அது சத்தம் போடும். நோயாளி படுத்திருக்கும் வீடுகளில் அந்தச் சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்திக்கொள்வார்கள். சங்கம் எடுத்து நடத்தாத சாவில் எந்த உறுப்பினரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் அவர் சாவைச் சங்கம் எடுத்து நடத்தாது. இந்த விதியைக் கொண்டுவந்த நாளில் ஒருவர்கூட எதிர்த்துக் கை தூக்கவில்லை. நல்லையாவும் அன்று கூட்டத்தில் இருந்தார். அவர் கை தூக்காததற்குக் காரணம், டூட்டிக்கு நேரமாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான்.

வீட்டுக்கு நடந்தார். உடம்பு நேராக நிற்காமல் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து வந்தது. ஓடும் பஸ்ஸில் நின்றே பழகிய உடம்பு, தரை ஆடாதபோது தானாகக் கொஞ்சம் ஆடிக்கொள்ளும். தெருவெங்கும் புதுக்கொடித் துணி தொங்கியது. மலாயா மெர்டேக்கா வாங்க, அதாவது சுதந்திரம் அடைய, இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. எதிர்ப்பட்ட ஒருவர், “என்னா நல்லையா, மெர்டேக்கா ஊர்வலத்துக்கு லீவு போட்டாச்சா?” என்று கேட்டுவிட்டு, முகத்தைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டு நகர்ந்தார்.

வீட்டில் ருக்மணியின் அக்கா சாரதாம்பாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கிளேபாங்கிலிருந்து சொல்லியனுப்பியதும் வந்தவள். தங்கையைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, கூடத்தில் பாய் விரித்துக் கிடத்தியிருந்தாள்.

“வண்டி எங்க தம்பி?”

“விசாரிக்கிறாங்க மதினி.”

“யார விசாரிக்கிறானுங்க?”

“ஒரு வார்த்தைய.”

நல்லையா நடந்ததைச் சொன்னார். சாரதாம்பாள் கேட்டுவிட்டு விசிறியைக் கீழே வைத்தாள்.

“காய்ச்சல்ல கெடந்து இவ எவ்வளவோ பேசுனா. ஒருத்தன் வந்து கேக்கல. நீ பேசுன ஒத்த வார்த்தையப் புடிச்சிக்கிட்டானுங்களா?”

அவள் அழவில்லை. நல்லையாவும் அழவில்லை. அழுகை எங்கோ தொலைவில் நின்றுகொண்டிருந்தது. வரும் என்று தெரியும், எப்போது என்று தெரியாது. அவர் ருக்மணியின் கால் பெருவிரல்களைப் பார்த்தார். வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முடிச்சு கொஞ்சம் இறுக்கமோ என்று தோன்றியது.

பக்கத்து மளிகைக் கடைக்கார ஷரீஃபுதீன் மீன் பாசாருக்குப் போய் ஐஸ் பாளங்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். மரத்தூளை உதறிவிட்டு, பாயைச் சுற்றி அவரும் நல்லையாவும் அடுக்கினார்கள். ஐஸில் மீன் வாசம் அடித்தது.

“ருக்மணிக்கு மீன் வாசம் பிடிக்காது பாய்.”

“தெரியும் தம்பி. வேற ஐஸ் கெடைக்கல.”

வாசலில் சைக்கிள் மணி ஒலித்தது. நடராஜன் வந்திருந்தார். சாவு வீட்டுக்குள் வந்தால் குளிக்க வேண்டும் என்பதால் ரோட்டில் நின்றபடியே ஒரு தாளை நீட்டினார். விசாரணை அறிவிப்பு. ஷரீஃபுதீன் வாங்கிப் படித்தார்.

“ஹியரிங்னு போட்டிருக்கு. ஹெரிங்கா? அது மலாய்ல கழுகுதானே? பூரோங் ஹெரிங். பொணந்தின்னிப் பறவை.” அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். “அட, சங்கத்துக்காரங்களே ஒத்துக்கிட்டாங்களா?”

நடராஜன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். சற்று நேரத்தில் வேறு தாளோடு வந்தார். அதில் ‘செவிமடுப்பு’ என்று எழுதியிருந்தது.

பஸ் கம்பெனித் தோழர்கள் வந்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் நல்லையாவின் தோளைத் தொட்டு, “வண்டி எப்ப வருதோ அப்பச் சொல்லுங்கண்ணே, ஓடி வந்துர்றோம்,” என்றார். அவர்களும் சங்கத்தின் உறுப்பினர்கள்தான்.

மாலைச் செவிமடுப்புக்கு மண்டபம் நிறைந்திருந்தது. சங்கத்தின் பொதுக்கூட்டங்களுக்கு வராதவர்களெல்லாம் வந்திருந்தார்கள். நல்லையாவுக்கு இம்முறை ஒரு முக்காலி கொடுத்தார்கள். சொல்லின் பொருளைத் தீர்த்து வைக்கப் புலவர் கருணாகரன் அழைக்கப்பட்டிருந்தார். அவர் எந்த ஊரில் புலவர் பட்டம் வாங்கினார் என்று யாரும் கேட்டதில்லை. காதோரம் சந்தனம் பூசியிருந்தார். பேசும்போது பூசிய பக்கத்தைக் கூட்டத்துக்குக் காட்டியபடியே நின்றார்.

முதலில் சோதனை. மண்டபத்துக் குழாயடியிலிருந்து எச்சில் ஒட்டிய பீங்கான் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கழுகு கிடைக்காததால், கொட்டகைக் கோழிகளில் ஒன்றைப் பிடித்து வந்தார்கள்.

“இதைக் கழுகு என்று வைத்துக்கொள்ளும்,” என்றார் புலவர். “இப்போது தட்டைப் பார்த்து, அதை என்ன செய்ய வேண்டும் என்று மரியாதைப் பன்மையில் சொல்லும்.”

“கழுகுங்க.”

“இப்போது இந்தப் பறவையைப் பாரும். இதுபோல் பல நிற்கின்றன. அவற்றை உமது வழக்கில் எப்படிச் சொல்வீர்?”

நல்லையா கோழியைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது.

“கோழிங்க.”

“கழுகு என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன்!”

“கழுகுங்க.”

புலவர் கண்களை மூடிக் கேட்டார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “ஓசையில் வேறுபாடு இல்லை. ழகரம் இரண்டிலும் சுத்தம். சிந்தனைக்குரிய விஷயம்.”

கோழி நடராஜனின் தாள்கள்மேல் எச்சமிட்டது. அது குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

“இவர் மனதில் இருந்தது பறவையா, வேலையா என்பதை இவராலேயே அறிய முடியாது,” என்றார் புலவர். “ஆகவே நாம் வேறு கேள்வி கேட்போம். பறவை என்றே கொள்வோம். அது வசையா? கழுகு என்றால் என்ன?”

எல்லோருக்கும் அந்தப் பதில் தெரிந்திருந்தது என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை.

“கருடன் உயிரோடு நீந்தும் மீனைக் கொத்துகிறது. அதைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். பருந்து கோழிக்குஞ்சை உயிரோடு தூக்குகிறது. அதை வீரம் என்கிறோம். கழுகோ, உயிருள்ள எதையும் தொடாது! அது காத்திருக்கும். எல்லாம் முடிந்த பிறகே இறங்கும். அன்பர்களே, நம் சங்கமும் அப்படித்தானே? ஒருவர் உயிரோடு இருக்கும் காலத்தில் நாம் அவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததுண்டா?”

“இல்ல!” என்றது கூட்டம்.

“அவர் வேலை இழந்து வீட்டில் முடங்கியபோது?”

“இல்ல!”

“நோயில் விழுந்து தண்ணீர் கேட்டபோது?”

“இல்லவே இல்ல!”

கைதட்டல் நெடுநேரம் நிற்கவில்லை. ராஜரத்தினம் கண்ணாடியைக் கழற்றி, கண்களை ஒற்றிக்கொண்டார். அவர் இத்தனை ஆண்டுகள் செய்த சேவையை இவ்வளவு அழகாக யாரும் சொன்னதில்லை.

“இன்னும் கேளுங்கள்!” புலவர் சந்தனப் பக்கத்தைத் திருப்பினார். “இதிகாச காலத்தில் ஒரு கழுகு இறந்தபோது, இறைவனே மகன் ஸ்தானத்தில் நின்று அதற்குக் கொள்ளி வைத்தான். பறவைகளில் ஈமக்கடன் பெற்ற பெருமை கழுகுக்கு மட்டுமே உண்டு!”

நல்லையா அன்று முதல் முறையாகத் தானாகத் தலையைத் தூக்கினார்.

“அதுக்கு வண்டி யாருங்க குடுத்தா?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். புலவர் கொஞ்சம் தடுமாறி, அதுபற்றி உரைகளில் குறிப்பு இல்லை என்றார்.

“எருவை என்றும் பாறு என்றும் கங்கம் என்றும் முன்னோர் இதற்கு எத்தனை பெயர் வைத்தார்கள்! பிடிக்காத ஒன்றுக்கு யாராவது இத்தனை பெயர் வைப்பார்களா? நாம் குடியிருக்கும் ஊரின் பெயரென்ன? காஜா பெராங். யானைக்குக் கோபம் வந்ததை மலாய்க்காரர்கள் ஊருக்குப் பெயராக வைத்தார்கள். நாம் வெட்கப்படாமல் அதை முகவரியில் எழுதுகிறோம். கோபக்கார யானையில் வாழ்கிறவனுக்குப் பொறுமையான கழுகு குறைச்சலா?”

ராஜரத்தினம் எழுந்தார். கோட்டுப் பையில் சாவி சத்தமிட்டது.

“எனக்குக் கண்ணு தொறந்துருச்சு. இவ்வளவு நாளா ஊர்ல நம்மளப் பாராட்டிக்கிட்டிருந்திருக்காங்க. நாமதான் தப்பா எடுத்துக்கிட்டோம். இன்னிலேர்ந்து நம்ம சங்கத்துச் சின்னம் கழுகு. மெர்டேக்கா ஊர்வலத்துல சீனர் சங்கம் சிங்கம் ஆட்டுது, மத்தவங்க என்னென்னமோ கொண்டாராங்க. நம்மகிட்ட இருக்கிறது ஒரு வண்டிதான். அதக் கழுகு ரதமா ஆக்கி, புது நாட்டுக்கு முன்னால கொண்டுபோய் நிறுத்துவோம். இந்த நாட்டுல பொறக்கிறது எங்களுக்குத் தெரியாது, ஆனா போறவங்கள நாங்க பாத்துக்கிறோம்னு உலகத்துக்குக் காட்டுவோம்!”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நல்லையா குற்றமற்றவர் என்றும், பறவை என்று கொண்டாலும் வேலை என்று கொண்டாலும் அவர் சொன்னது சங்கத்துக்கு நன்மையே என்றும் எழுதப்பட்டது. அவருக்கு மாலை போட்டார்கள். ரோஜாவும் மரிக்கொழுந்தும் கட்டிய மாலை. புலவருக்காக வாங்கியது, புலவர் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்.

“வண்டி, அண்ணே?” என்றார் நல்லையா நடராஜனிடம்.

“கழுவச் சொல்லியாச்சு. காலையில மொத வேலை அதுதான்.” அவர் அந்தச் சொல்லை வகரத்தை அழுத்தி, மிகவும் கவனமாகச் சொன்னார்.

நல்லையா கழுத்தில் மாலையோடு வீட்டுக்குள் நுழைந்தார். அவர் மாலையைக் கழற்றி ருக்மணிக்குப் போட்டார். அதுவரை அவளுக்கு மாலை வாங்க யாருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் வண்டியைக் கழுவினார்கள். சும்மா கழுவவில்லை. நிர்வாகிகள் வரிசையாக நின்றார்கள். தலைவர் முதல் வாளியை ஊற்றினார், செயலாளர் இரண்டாவதை ஊற்றினார், புலவர் இரண்டு வாளிகளுக்கும் நடுவில் பேசினார். பழைய மாலைகள் போயின. எச்சம் போயிற்று. பலகை ஈரத்தில் பளபளத்தது. கொட்டகைக்கு வெளியே நின்று பார்த்த நல்லையாவுக்கு அந்தப் பலகையில் ருக்மணி கைக்குட்டை விரிக்காமலே படுப்பாள் என்று தோன்றியது. தள்ளிக்கொண்டு போகலாம் என்று ஓரடி எடுத்து வைத்தார்.

“இருங்க,” என்றார் நடராஜன். “பெயின்டர் வந்துட்டாரு.”

புக்கிட் பாருவிலிருந்து வந்த சீனப் பெயின்டர் டப்பாக்களை இறக்கினார். கூரையின் முன்பக்கம் பெரிய கழுகு ஒன்று, தூண்களில் இறக்கைகள், மற்றதெல்லாம் தங்க நிறம் என்று நடராஜன் விளக்கினார். பெயின்டர் தூரிகையை எடுத்தார். “ஹெரிங், ஆப்பா மாச்சாம்?” எப்படி இருக்கும் என்று கேட்கிறார்.

நிர்வாகிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மலாக்கா ஆற்று வாயில் செம்பருந்து வட்டமிடும். கழுகை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. புலவரும் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு வருணனை தெரியும்.

“தலையில் மயிர் இருக்காது,” என்றார், தலைவரின் பக்கம் பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டு. “கழுத்தும் வெறுங்கழுத்து. மூக்கு வளைந்திருக்கும். தோள்கள் கொஞ்சம் கூன். உடம்பு முழுக்கக் கறுப்பு, கோட்டுப் போட்ட மாதிரி.”

பெயின்டருக்கு நடராஜன் அதை மலாயில் சொன்னார். பெயின்டர் சொற்களைக் கேட்டார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார், எதிரே நின்ற ராஜரத்தினத்தை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு தடங்கலில்லாமல் வரைந்தார்.

படம் முடிந்தது. ராஜரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

“தத்ரூபம்,” என்றார் கடைசியில். “எங்கேயோ பாத்த மொகம்.”

நல்லையா மெதுவாக, “எடுத்துக்கிட்டுப் போலாங்களா?” என்று கேட்டார்.

எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் அங்கே நிற்பது அப்போதுதான் அவர்கள் நினைவுக்கு வந்தது.

“பெயின்ட் ஈரமா இருக்கே மிஸ்டர் நல்லையா.”

“பலகையில அடிக்கலீங்களே.”

“அது மட்டுமில்ல.” ராஜரத்தினம் குரலைத் தாழ்த்தினார். புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். “இது இப்ப ரதம். நாட்டோட விசேஷத்துக்குப் போகப் போவுது. பெரிய பெரிய ஆளுங்க கிட்ட வந்து நின்னு பாப்பாங்க. அதுல பொணத்த ஏத்தினா, நல்லாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க. தீட்டு இல்லையா? மெர்டேக்கா முடிஞ்சதும் மறுபடி வண்டியாக்கிடுவோம். அதுவரைக்கும் காத்திருக்க முடிஞ்சா, மொத சவாரி ஒங்க சம்சாரத்துக்குத்தான். எழுதித் தர்றேன்.”

“ஐஸ் கரையுதுங்க.”

“அதனாலதான் ஒங்களுக்கு ஒரு உதவி.” அவர் கோட்டுப் பையிலிருந்து மயானச் சாவியை எடுத்து நல்லையாவின் உள்ளங்கையில் வைத்து, தன் இரண்டு கைகளாலும் மூடினார். “சங்கம் கை விடாது. கதவு தொறந்திருக்கும். நீங்களே கொண்டுபோய்க்கலாம். விதியில இது சங்கம் எடுத்து நடத்துற சாவு இல்லதான். ஆனா ஒங்க மேல எங்களுக்கு ஒரு கோபமும் கெடையாது.”

அன்று மதியம் மண்டபத்தில் திருமதி ருக்மணி நல்லையாவுக்கு அனுதாபக் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. கழுகு ரதத்துக்குக் காரணமான குடும்பத்தை மதிக்காமல் விடுவது முறையல்ல என்று புலவர் சொல்லியிருந்தார். நல்லையா வீட்டுக்குப் போய்ச் சாவியைக் காட்டினார்.

“வண்டி?” என்றாள் சாரதாம்பாள்.

“ரதமாயிருச்சு மதினி.”

கூடத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டே இருந்தது. ஒன்று முடிவதற்குள் இன்னொன்றைக் கொளுத்தினாள். ஊதுபத்தி மட்டும் போதாத நேரம் வந்துவிட்டது என்பது அவர்கள் இருவருக்கும், ஐஸைப் பார்க்க வந்திருந்த ஷரீஃபுதீனுக்கும் தெரிந்தது.

“தோள்லதான் தூக்கணும்,” என்றார் ஷரீஃபுதீன். “மூங்கிலு என் கடைப் பின்னால கெடக்கு. நான் ஒரு பக்கம். கடையில இருக்கிற அலி அக்பர் ஒரு பக்கம். நீ கொள்ளிச்சட்டி எடுத்துக்கிட்டு முன்னால நடக்கணும் தம்பி, ஒன்னால முடியாது.”

“ஒரு பக்கம் நான் தூக்குறேன்,” என்றாள் சாரதாம்பாள்.

“பொம்பள வந்தா மயானக் காவல்காரன் உள்ள விட மாட்டானாம் மதினி. விதியிருக்கு.”

“அவன் விதில தீய வையி. அப்ப யாருதான் தூக்குவா?”

நல்லையா வாசலில் போய் நின்றார். எதிர்வீட்டில் ஒருவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்லையாவைக் கண்டதும் சைக்கிளின் அந்தப் பக்கத்துக்குப் போய்த் துடைத்தார். அடுத்த வீட்டுக்காரர் கதவைத் திறந்தார், பார்த்தார், குடையை மறந்தவர்போல் உள்ளே போனார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் ஒரு நாள் சாவு வரும், வண்டி வேண்டும்.

“மண்டபத்துல எல்லாரும் ஒரே எடத்துல இருப்பாங்க,” என்றார் ஷரீஃபுதீன். “போய்க் கேட்டுப் பாரு.”

மூங்கில்களைக் கட்டச் சொல்லிவிட்டு நல்லையா போனார். மண்டபத்தில் மின்விசிறிகள் சுழன்றன. மேடையில் ருக்மணியின் படம் இல்லை. வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பதில் புதுச் சின்னத்தின் படம் இருந்தது, பூ வைத்திருந்தார்கள். ராஜரத்தினம் பேசினார். மறைந்த அம்மையாரைத் தான் பார்த்ததில்லை என்றாலும், அவர் இறந்த நேரம் சங்கத்தின் வரலாற்றில் பொன்னான நேரம் என்றார். இன்னும் பலர் இதுபோல் சங்கத்துக்கு உதவ முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். புலவர் ஒரு வெண்பா சொன்னார். அதில் ருக்மணி வந்தாள், ஆனால் யாப்புக்காக உருக்குமணி ஆகியிருந்தாள். எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். மௌனத்தின்போது பின்வரிசையில் யாரோ குளிர்பானப் போத்தலைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“இப்பொழுது அன்னாரின் கணவர், சங்கத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர் நல்லையா அவர்கள் சில வார்த்தை நன்றி கூறுவார்.”

நல்லையா மேடையேறினார். மைக் அவருக்குக் கொஞ்சம் உயரமாக இருந்தது. யாரும் அதைத் தாழ்த்தவில்லை. மண்டபம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு அமைதியானது. நடராஜன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். புலவர் காதைச் சாய்த்தார். இம்முறை என்ன சொல் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். முன்வரிசையில் பஸ் கம்பெனித் தோழர்கள் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர், அடுத்த வீட்டுக்காரர், காலையில் வாளி பிடித்தவர்கள், எல்லோரும் இருந்தார்கள். நல்ல தோள்கள். வரிசை வரிசையாக வெள்ளைச் சட்டைக்குள் இருந்தன. நல்லையா ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“பாய் ஒரு பக்கம் புடிக்கிறேன்னாருங்க,” என்றார். “அலி அக்பர் ஒரு பக்கம். நான் சட்டி தூக்கணும். பின்னால புடிக்க ஆள் இல்ல. காய்ச்சல்ல ரொம்ப எளைச்சுப் போயிட்டா, அவ்வளவா கனம் இருக்காதுங்க. யாராச்சும் ரெண்டு பேரு வர்றீங்களா?”